கல்லுமலையில் லாபம் கூடிய யாவாரம்

கல்லுமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருசமாகியும் ஒரு பிள்ளை அதைத் தொட்டதில்லை. அதிபர் இரகுநாதன் அதைத் தன் அறையில் வைத்து, பூப்போட்ட துணியால் போர்த்தி, துணிக்கு மேலே சரஸ்வதி படத்தையும் சாத்தி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனுசன். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பழுதாகாமல் பென்சன் வரைக்கும் காப்பாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிற ரகம். இந்த ரகத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெனீரா டீச்சருக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. பதுளை டவுனிலிருந்து பஸ்ஸில் தெமோதரை வரைக்கும் வந்து, அங்கிருந்து தேயிலை மலைக்குள் நடந்து, காலில் அட்டைக்கடியோடு வகுப்புக்கு வருகிற வணிகக் கல்வி டீச்சர். ஒருநாள் நேரே அதிபர் அறைக்குள் போனாள்.

"சேர், இதென்ன கபுறா? சமாதிக்குப் போத்துற மாதிரி துணி போத்தி வெச்சீக்கிறீங்க?"

"ஜெனீரா, பழுதாப் போச்செண்டால் நான்தானே கல்விக் கந்தோருக்குப் பதில் சொல்ல வேணும்."

"பழுதானா என்ட தம்பி செஞ்சு தருவான். போர்டுல சந்தைக் கேள்வி, சந்தைக்கு வாற நிரம்பல்னு எழுதி எழுதி என்ட கைதான் பழுதாப் போகுது. பத்தாம் வகுப்புல பாதி தூங்குது. மத்தப் பாதி தூங்கினவன்ட காதுல ஈர்க்குச்சி உடுது."

"அது எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் உள்ளதுதானே."

"அப்ப நான் வீட்ல ஈக்கேன். நீங்களே போய் நிரம்பலப் படிப்பிச்சுக் குடுங்க."

இரகுநாதன் சரஸ்வதி படத்தை மேசைக்கு மாற்றினார். வேறு என்ன செய்வார்?

தம்பி ஷுக்ரி பதுளையில் கல்யாண வீடியோ எடுக்கிறவன், கம்ப்யூட்டரும் திருத்துவான். வேலைக்கு உதவாத ஒரு கீபோர்டைப் பிரித்து, அதன் வயிற்றிலிருந்து வயர்களை இழுத்துப் பிள்ளைகள் உட்காருகிற ஒவ்வொரு வாங்குக்கும் ஓடவிட்டான். வயர் முடிகிற இடத்தில் தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு, அதில் காலிங்பெல் சுவிட்ச் நாலு. கல்யாண வீட்டில் படம் காட்டுகிற மல்டிமீடியாவையும் கொண்டுவந்து சுவரில் வெள்ளைத் துணி கட்டினான். கேள்வியும் நாலு விடையும் சுவரில் விழும், பிள்ளைகள் கூடிப் பேசிச் சுவிட்சை அமுக்க வேண்டும். சரியென்றால் ஸ்பீக்கரில் பெரிய கைதட்டல் வரும். பிழையென்றால் கழுதை கத்தும்.

அடேயப்பா, அந்தக் கழுதைக்குப் பயந்து பிள்ளைகள் படித்த படிப்பு! ஈர்க்குச்சி விட்டவன் சுவிட்சுக்காக அடுத்தவன் கையைக் கடித்தான். கொழுந்து காலத்தில் தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுகிற பெண்பிள்ளைகள், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தார்கள். கல்லுமலையில் ஒரு பாடத்துக்காகப் பிள்ளைகள் ஓடி வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் முந்திச் சுவிட்சை அமுக்குகிறவள் கேசினி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேல்லயத்து மாரிசாமியின் மகள்.

மாரிசாமி கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி மட்டப்படுத்துகிற வேலை. அவன் வெட்டிய மலையைத் தோட்டத்துத் துரையே நின்று பார்ப்பார். ஆனால் கவ்வாத்து வருசம் முழுக்க இருக்காது. மற்ற நாளெல்லாம் அவன் லயத்துக்குக் கீழே பெரிய வடிகால் கானில், மானாப் புல்லுக்குள் மறைத்து வைத்த பீப்பாக்களில் சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் கோடா ஊற வைத்து, சன்னாசி முதலாளிக்குக் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சினான். காய்ச்சினதைக் கொஞ்சம் ருசியும் பார்ப்பான். ருசி பார்த்த நாளில் வீட்டில் இராக்கம்மாவுக்கு அடி விழும். அவன் அறைந்த அறையில் அவளுக்கு இடது காது கேட்காது. பேசுகிறவர்கள் வலது பக்கம் வந்து நின்றுதான் பேசுவார்கள், லயத்தில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இராக்கம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், கேசினி பக்கத்தில் குந்தி மாசிச்சம்பல் இடித்தாள்.

"என்னாடி, இன்னிக்கு அந்த மெசினு என்னா கேட்டிச்சு?"

"சாமான் வெல கூடினா வாங்குற ஆளு என்னா செய்வான்னு கேட்டிச்சும்மா."

"என்னா செய்வான், கொறைவா வாங்குவான்."

"அதான் சரி. கைதட்டும். ஆனா அப்பாக்கிட்ட வாங்குற ஆளுங்க கொறைக்கலியே? போன தீவாளிக்கு சன்னாசி வெல ஏத்துனானே, அதே கூட்டந்தான வந்து நின்னுச்சு? அப்ப அந்தக் கேள்விக்கு வேற விடையும் இருக்கு."

"வாய மூடு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு."

"நான் பாடந்தான சொல்றேன்."

"பாடத்தப் பள்ளிக்கொடத்துல சொல்லு. இங்க சொன்னா எனக்குத்தான் ஒத விழும்."

பிள்ளை உலக்கையை ஓங்கி ஓங்கி இடித்தாள். சம்பல் இடிக்க அவ்வளவு வேகம் தேவையில்லை.

வருசக் கடைசி விழாவுக்கு வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று கடிதம் வந்தது. இரகுநாதன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜெனீரா ஒரு புது விளையாட்டுக்கு ஷுக்ரியைக் கொண்டு புரோகிராம் எழுதுவித்தாள். பிள்ளைகள் குழுக் குழுவாக ஒரு வியாபாரத்தைத் தெரிந்து அதன் பெயரைக் கம்ப்யூட்டரில் ரகசியமாக அடித்துவிட வேண்டும். பிறகு சுவரில் கேள்விகள் வரும். சரக்கு எது, வாங்குகிறவர் யார், செலவு என்ன, போட்டிக்காரர் உண்டா. லாபம் கூட்டுகிற விடையாகப் பார்த்துச் சுவிட்சை அமுக்க அமுக்க ஒவ்வொரு குழுவுக்கும் புள்ளி ஏறும். முடிவில் வென்ற குழுவின் வியாபாரம் மட்டும் பெரிய எழுத்தில் சுவரில் வரும். அதுவரைக்கும் டீச்சருக்கே தெரியாது. அதுதான் விளையாட்டின் ருசி என்று நினைத்தாள், பாவி.

"புத்தகத்துல உள்ளத எழுத வாணாம். நீங்க கண்ணால கண்ட யாவாரத்த எழுதுங்க" என்று வேறு சொல்லிவைத்தாள்.

பதுளைப் பிள்ளை என்றால் துணிக்கடை, நகைக்கடை, பேக்கரி என்று பத்தைக் கண்ணால் கண்டிருக்கும். கல்லுமலைப் பிள்ளை கண்ணால் கண்ட வியாபாரம் எது? இதை அந்த டீச்சர் ஒரு நிமிசம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விழா நாளில் முன் வரிசையில் கந்தோர்ப் பெரியவர், அவருக்குப் பக்கத்தில் பொலிஸ் சார்ஜன், அவருக்குப் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு சன்னாசி முதலாளி. ஆமாம், அவனேதான். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துத் தலைவர் அவன். பிள்ளைகள் கை கழுவுகிற பைப்படியில் அவன் பெயர் சிமெந்தில் பதித்திருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தில் கானு வெட்டினவன்தான், இப்போது வேன் வைத்திருந்தான், வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெற்றோர் பின்னால் நின்றார்கள். இராக்கம்மா அரைநாள் வேலைக்குப் பேர் போட்டுவிட்டு, கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற சாக்குப் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே வந்திருந்தாள்.

விளையாட்டுத் தொடங்கியது. "உங்கள் சரக்கு எப்போது அதிகம் விற்கும்?" என்று சுவர் கேட்டது. மற்றக் குழுக்கள் பெருநாளைக்கு, பள்ளிக்கூடம் தொடங்கும்போது என்று அமுக்கின. கேசினியின் குழு 'சம்பளத்தன்று' என்று அமுக்கியது. "விலை கூடினால்?" 'அப்போதும் வாங்குவார்கள்.' "வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவாரா?" 'வேறு கடை இல்லை.' "சரக்குக்குத் தரச் சான்றிதழ் உண்டா?" 'தேவையில்லை, யாரும் கேட்பதில்லை.' ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கர் கைதட்டியது. கந்தோர்ப் பெரியவரும் சேர்ந்து தட்டினார். கூட்டத்தில் சிரிப்பு மெல்ல அடங்கிக்கொண்டு வந்ததை ஜெனீரா கவனிக்கவில்லை. அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஆட்களுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. இராக்கம்மா பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கேள்வி: "உங்கள் வியாபாரத்தில் தவிர்க்க முடியாத செலவு எது?" இதற்கு மட்டும் விடையைத் தட்டெழுத வேண்டும், எதை அடித்தாலும் புள்ளி உண்டு. கேசினி எழுந்து போய் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

பொலிசுக்குக் கொடுப்பது.

உடனே சுவர் முழுக்க நட்சத்திரம் பறந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் ஊரின் மிகச் சிறந்த வியாபாரம்: கசிப்பு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அந்த மடமெசின் நிறுத்தாமல் கைதட்டியது. கூட்டம் நிறைந்த வகுப்பில் அது மட்டும் தட்டிக்கொண்டேயிருந்தது, ஷுக்ரி ஓடிப்போய் வயரைப் பிடுங்கும்வரை.

சிங்களவரான சார்ஜனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவரும் தட்டினார். தட்டிவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று இரகுநாதனிடம் கேட்டார்.

"லாபம் கூட வாற யாவாரம் எண்டு போட்டிருக்கு" என்றார் இரகுநாதன். நெற்றியில் வேர்வை.

சன்னாசி சிரித்தான். எழுந்து போய்க் கேசினியின் தலையைத் தடவினான். "கெட்டிக்காரப் புள்ள. மாரிசாமி மகதான?" என்று கேட்டான். வடையைத் தின்றான், தேத்தண்ணியைக் குடித்தான், பெரியவரை வேன் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டான்.

பெரியவரின் வேன் வளைவில் மறைந்ததும் சன்னாசியின் ஆட்கள் இரண்டு பேர் இரும்புக் கம்பியோடு வகுப்புக்குள் வந்தார்கள். ஒருவன் ஜெனீராவைக் கன்னத்தில் அறைந்தான். தலைத்துணி கழன்று விழுந்தது, அவள் வாங்கில் மோதி விழுந்தாள். ஷுக்ரியின் மல்டிமீடியாவை ஒரே அடியில் நொறுக்கினார்கள். கம்ப்யூட்டருக்குப் போகும்போது ஒரு ஆள் குறுக்கே நின்றார். இரகுநாதன்.

"டேய், அது அரசாங்கச் சாமான். தொடாதையுங்கோ."

கம்பி அவர் வாயில் விழுந்தது. முன்பல் போனது, சட்டையெல்லாம் இரத்தம். மனுசன் அப்போதும் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாராம். அவரை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உடைத்தார்கள். அவரைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கீழே கானில் மாரிசாமிக்கு நடந்தது வேறு. அவன் விழாவுக்கே போகவில்லை, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். என்ன ஏது என்று தெரியும் முன்னால் முதுகில் உதை விழுந்தது. இரண்டு பேர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்து, அவன் தலையைக் கோடாப் பீப்பாவுக்குள் அமுக்கினார்கள். அவன் மூச்சு முட்டிக் கால் உதறியதும் தூக்கினார்கள். தூக்கி மறுபடி அமுக்கினார்கள். சன்னாசி கல்லில் உட்கார்ந்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினான்.

"ஒம் மக படிச்சது போதும் மாரிசாமி. கொழும்புல நமக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. சட்டிபானை கழுவட்டும். நாளைக்கிக் காலையில ரயில்ல ஏத்து."

"மொதலாளி... சின்னப் புள்ளங்க... ஓ எல் சோதன எழுதணும்..."

மறுபடி அமுக்கினார்கள்.

"நாளைக்கி அவ ரயில்ல போவணும். போவலேன்னா, நீ இதுக்குள்ளயே கெடப்ப. கசிப்பக் குடிச்சுச் செத்தான்னு நானே மால போட்டு அழுவேன். வெளங்குச்சா?"

மாரிசாமி வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. தலைமயிரிலிருந்து கோடா வடிந்தது, வாந்தி எடுத்த சட்டை. கேசினி புத்தகத்தை விரித்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்த வேகத்திலேயே மகளின் சடையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். கதவு மூலையில் இராக்கம்மாவின் மட்டக்கம்பு சாத்தியிருந்தது, கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற நீளக் கம்பு. அதை எடுத்து அடித்தான். முதுகில், தோளில், காலில். பயந்தவன் அடிக்கிற அடி குடிகாரன் அடிக்கிற அடியைவிட மோசம். அதற்குக் களைப்பே கிடையாது.

"போறியா? ரயில்ல போறியா? சொல்லுடி!"

"போவ மாட்டேன்!"

"கொன்னுருவானுங்கடி என்ன! போறேன்னு சொல்லு!"

"மாட்டேன்ப்பா! நான் பொய்யா சொன்னேன்? எது பொய்யி, சொல்லு!"

கம்பு அவள் முகத்தில் விழுந்தது. புருவம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. இராக்கம்மா நடுவில் பாய்ந்தாள். அவளை ஒரு உதை உதைத்தான், அடுப்பில் போய் விழுந்தாள், சோற்றுப்பானை கவிழ்ந்தது.

"என்னாங்க, விட்டுருங்க! செத்துருவா!"

"செத்தா சாவட்டும்! ரெண்டுல ஒண்ணு சாவணும்!"

அவன் கம்பை மறுபடி ஓங்கினான். இந்த முறை பிள்ளையின் தலைக்கு. இராக்கம்மா எழுந்தபோது கைக்கு அகப்பட்டது கதவுக்குப் பின்னால் தொங்கிய கவ்வாத்துக் கத்தி. அவன் தினமும் தீட்டுகிற கத்தி. அவளுடைய கம்பு அவன் கையில் இருந்தது, அவனுடைய கத்தி அவள் கையில் இருந்தது. அவள் எத்தனையோ வருசம் அடி வாங்கினவள், ஒரு தடவையாவது கை ஓங்கினதில்லை. ஓங்கின அன்றைக்கு ஒரே வெட்டு. கம்பு பிடித்த அவன் மணிக்கட்டு தோலில் தொங்கியது.

மாரிசாமி கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே குந்தினான். இராக்கம்மாதான் கத்தினாள். கத்திக்கொண்டே படங்கை அவிழ்த்து அவன் கையில் சுற்றினாள், மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள், லயத்து ஆட்களைக் கூப்பிட்டாள். கம்பளியில் அவனைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலை பிடித்து, கொழுந்து லொறி நிற்கிற இடத்துக்கு ஓடினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை.

பதுளையில் டாக்டர்மார் கையை எடுத்துவிட்டார்கள். காலையில் அவன் கண் விழித்தபோது கட்டிலுக்கு ஒரு பக்கம் சார்ஜன், மறுபக்கம் அப்பிள் பையோடு சன்னாசி.

சன்னாசி குனிந்து காதுக்குள் பேசினான். "நடந்தத நடந்தபடி சொல்லு. பொண்டாட்டி வெட்டுனான்னு சொல்லு. அவ உள்ள போவட்டும். புள்ளய நான் பாத்துக்கிறேன். ஒன்னையும் பாத்துக்கிறேன்."

சார்ஜன் உடைந்த தமிழில் கேட்டார். "யாரு வெட்டினது?"

மாரிசாமி கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு சன்னாசியைப் பார்த்தான்.

"நாந்தாங்க. கவ்வாத்து வெட்டயில கை தவறிருச்சு."

"இப்ப கவ்வாத்து இல்லதானே?"

"கத்தி தீட்டினேங்க. தீட்டயில."

"பொய் சொல்ல வேணாம். வெட்டுப்பட்டது வலது கை. வலது கையில கத்தி பிடிச்சு வலது கையை எப்பிடி வெட்டுறது? நீ இடது கைக்காரனா?"

"ஆமாங்க," என்றான் மாரிசாமி. "இனிமே நான் நொட்டாங்கைக்காரன்தாங்க."

சார்ஜன் பேனாவை மூடினார். சன்னாசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அவனுடைய ஆள் ஒருவன் வார்டு வாசலில் வந்து நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டான். எழுந்து போன சன்னாசி திரும்பி வரவில்லை. அப்பிள் பை கட்டிலிலேயே கிடந்தது.

மாரிசாமிக்கு வெட்கமாக இருந்தது. கை போனதுக்கு இல்லை, மகள் கேட்ட கேள்விக்கு. எது பொய் என்று கேட்டாளே. அதை நினைத்து நினைத்து, பக்கத்துக் கட்டில்காரன் பார்க்கப் பார்க்க அழுதான்.

பார்வையாளர் நேரத்துக்கு இராக்கம்மா வந்தாள். நேற்றைய இரத்தக் கறைச் சேலைதான். அடுப்பில் விழுந்த முழங்கையில் தீக்கொப்புளம். கையில் சோற்றுப் பார்சல். அவன் நகர்ந்து படுத்தான், அவளுடைய கேட்கிற வலது காதுக்குப் பேசுவதற்காக.

"பொலிசு வந்தானுங்க. நானே வெட்டிக்கிட்டேன்னுட்டேன்."

"சொன்னாங்க."

"நீ ஓடிறாத. ஒனக்கு ஒண்ணும் வராது."

"நான் எதுக்கு ஓடுறேன்? காலையில வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குப் போனேன். பேர் போடாம எல்லாப் பொம்பளைங்களும் நின்னாளுங்க. கொழுந்து எடுக்க மலைக்கிப் போவல. கானுக்குள்ள எறங்கிட்டோம்."

"எந்தக் கானு?"

"ஓங் கானுதான். பீப்பா ஒண்ணு மிச்சமில்ல. அந்தக் கத்தியாலயே கொத்தி ஒடச்சோம். காவலுக்கு நின்ன பயல ரெண்டு பொம்பளைங்க கூடையால அடிச்சதுல ஓடிட்டான்."

மாரிசாமி எழுந்து உட்காரப் பார்த்தான். "அடிப் பாவி! சன்னாசி சும்மா விடுவானா? முக்கிக் கொன்னுருவான்."

"எத்தன பேத்த முக்குவான்?"

அவள் பார்சலைப் பிரித்தாள். சோறு, பருப்பு, கொஞ்சம் கருவாடு. அவன் சோற்றைப் பார்க்கவில்லை.

"புள்ள? ரயில்ல ஏத்திட்டியா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. தையல் போட்ட கண்ணோட. போவாதடின்னேன், கேக்கல."

"அங்க மெசினுதான் ஒடஞ்சு கெடக்கே. என்னாத்துக்கு?"

"டீச்சரு வந்திருக்கு. கன்னம் வீங்கிப்போயி, முதல் பஸ்ஸுல வந்திருக்கு. பெரிய சேரும் பல்லு இல்லாத வாயோட பெல் அடிச்சாராம். மெசினு இல்லேன்னா வாயால கேப்போம்னு டீச்சரு சொல்லுச்சாம். கழுதைக்கி ஒரு பய கத்துறான், கைதட்ட எல்லாப் புள்ளைங்களும் இருக்கு."

மாரிசாமிக்கு மறுபடி கண் நிறைந்தது. இடது கையால் துடைத்தான், அந்தக் கைக்கு அது பழகவில்லை.

"இராக்கு. கை கொஞ்சம் தவறியிருந்தா எங் கழுத்துல விழுந்திருக்கும்."

"ஆமா."

"தெரிஞ்சேவா வெட்டுன?"

"தெரியாது. ஆனா இதக் கேட்டுக்க." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், குரல் உயரவில்லை. "அவ மேல இன்னொருக்கா நீ கைய வச்சா, இருக்குற கையும் போயிரும். வெளங்குதா?"

"வெளங்குது."

"நெசமா வெளங்குதா?"

"வெளங்குது, இராக்கு."

"அப்ப வாயத் தொற" என்று உருட்டிய சோற்றை அவன் வாயருகே கொண்டுபோனாள்.